யார் கையும் படாத விலை

வர்த்தகப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த வீதத்தைப் பார்த்தாலும் இது எதிலிருந்து என்று கேட்கத் தோன்றும். இருபது வீதம் ஏறியது என்றால், போன மாதத்திலிருந்தா, போன வருடத்திலிருந்தா? எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று தெரியாத வீதம் வெறும் சத்தம். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் சில வருடங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டே காலம் தள்ளினேன். ஆங்கில நிதி அறிக்கைகளில் வரும், கச்சா எண்ணெய் எனப்படும் மசகு எண்ணெயின் விலை, ரப்பர் விலை, தேயிலை ஏல விலை ஆகியவற்றைத் தமிழில் எழுதி, ஏறிய வீதத்தையும் இறங்கிய வீதத்தையும் கணித்துப் போடுவது என் வேலை. ஒரு விலை இரட்டித்தால் எங்கள் ஆட்கள் ‘இருநூறு வீதம் உயர்வு’ என்று எழுதுவார்கள். நான் நூறு என்று திருத்துவேன். அச்சுக்குப் போகுமுன் யாராவது அதை மறுபடி இருநூறாக்கியிருப்பார்கள். பெரிய எண் தலைப்பில் எடுப்பாக இருக்கும்.

போர் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கொழும்பு விடுதியில் தங்கியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண், தான் ஏன் கொழும்பில் இருக்கிறாள் என்பதை அடிக்கடி யாருக்காவது விளக்க வேண்டியிருந்தது. விளக்கிக் களைத்துப்போய் வீட்டுக்கே, கண்டிக்கே திரும்பிவிட்டேன். இங்கே யாருக்கும் மசகு எண்ணெய் விலை தேவைப்படாது என்று நினைத்தேன்.

வேலை கிடைத்த இடம் கண்டித் திருகோணமலை வீதியில் ஒரு இரும்புக் கடைக்கு மேல் மாடி. தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து மூட்டைகளைக் கொழும்புக் களஞ்சியங்களுக்கு அனுப்பிவைக்கும் முகவர் நிறுவனம். முதலாளி கண்டி நகரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நெற்றியில் திருநீறு, சட்டைப்பையில் இரண்டு பேனா, யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசாத வாய். அவருக்குச் சொந்தமாக ஒரு லொறியும் கிடையாது. லொறி வைத்திருப்பவர்களை வைத்துத் தொழில் நடந்தது. கலஹா, கம்பளை, பன்வில பக்கத்திலிருந்து வரும் ஏழெட்டுப் பேர் அவருக்காக ஓடினார்கள். ஒரு நடைக்கு இவ்வளவு கூலி என்று அவர் நிர்ணயிப்பார்.

அவர்களில் இருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் கம்பளை முஸ்லிம். எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். தகப்பன் காலத்திலிருந்தே லொறித் தொழில். வாயில் வெற்றிலையும் கேலியும் ஒருபோதும் ஓயாது. மற்றவர் கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் குடும்பத்தில் முதலில் ஸ்டீயரிங் பிடித்தவரும் அவர்தான், முதலில் ஒரு வாகனத்துக்குச் சொந்தக்காரர் ஆனவரும் அவர்தான். பழைய லொறி, பச்சை நிறம், ஒரு பக்கக் கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். ஆனாலும் அவருடையது.

நான் சேர்ந்து கொஞ்ச நாளில் டீசல் விலை கூடியது. லொறிக்காரர்கள் எல்லோரும் மாடியேறி வந்தார்கள். பேச்சைத் தொடங்கியது கலஹாக்காரர்.

“மொதலாளி, ஒவ்வொரு தடவையும் டீசல் ஏறுனா நாங்க வந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறோம். நீங்க ‘பாப்போம்’ங்கிறீங்க. நீங்க பாத்து முடிக்கிறதுக்குள்ள எங்க ஒரு மாச ஒழைப்பு போயிருது.”

“நான் என்ன செய்யட்டும்பா? தேயிலக் கம்பெனிக்காரன் எனக்கு ஒடனே ஏத்திக் குடுக்கிறானா?”

“அதான் ஒரு கணக்கு வச்சிக்குவோம்ங்கிறேன். டீசல் ஏறுனா ரேடியோவுல என்னா சொல்றான்? ஒலகச் சந்தையில மசகு எண்ணெ ஏறிருச்சு, அதுனால இங்கயும் ஏத்துறோம்ங்கிறான். அந்த ஒலக வெலையவே வச்சிக்குவோம். அது எத்தன பேர்சன்ட் ஏறுதோ கூலியும் அத்தன பேர்சன்ட் ஏறட்டும். எறங்குனா எறங்கட்டும்.”

நானா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். “கலஹா பஸ்ஸே இவனுக்கு நேரத்துக்கு வாறதில்ல. ஒலகச் சந்தைக்கிப் போறானாம்.”

சிரிப்பு அடங்கியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். “மிஸ் பேப்பர்ல இருந்தவங்கதானே. இதெல்லாம் கணக்குப் போடலாமா?”

போடலாம் என்றேன். ஆனால் மசகு எண்ணெயின் விலை வேறு, எரிபொருள் நிரப்பும் செட்டில் நாம் அடிக்கும் டீசலின் விலை வேறு என்றும் சொன்னேன். அது ஏறினால் இது ஏறும். அது இறங்கினால் இது இறங்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. லொறிச் செலவில் டீசல் ஒரு பங்குதான், டயரும் லீசிங்கும் உலகச் சந்தையைப் பார்த்து இறங்காது என்றும் சொன்னேன். கட்டுவதென்றால் செட் விலையோடு கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

“செட் வெல அரசாங்கம் போடுறது மிஸ்,” என்றார் கலஹாக்காரர். “எலெக்சனுக்கு முந்தி ஒண்ணு, பிந்தி ஒண்ணு. கூலி மொதலாளி போடுறது, அவரு மனசப் பொறுத்தது. எங்களுக்கு இங்க உள்ள யாரு கையும் படாத வெல ஒண்ணு வேணும்.”

இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த நாட்டில் இந்த மலையில் வாழ்ந்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு எண்ணம் வரும் என்று இப்போதும் நினைக்கிறேன். தோட்டத்தில் பிறந்தவருக்குத் துரை சொன்னது கூலி. கங்காணி சொன்னது பேர். அரசாங்கக் கந்தோரில் சொன்னது பிரஜாவுரிமை. எல்லாமே யாரோ ஒருவர் கைபட்டுத்தான் வந்து சேர்ந்தன. கடலுக்கு அப்பால், தன்னை யாரென்றே தெரியாதவர்கள் நிர்ணயிக்கும் விலை நியாயமாக இருக்கும் என்று அவர் நம்பினார். அந்த விலையைப் பற்றி அவருக்குச் சொன்னது அரசாங்க வானொலி என்பதை மட்டும் அவர் கணக்கில் எடுக்கவில்லை.

முதலாளி கதிரையில் சாய்ந்தார். பிறகு சரி என்றார். நான் சொன்னதை அந்த அறையில் முழுதாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குப் பிறகே தெரிந்தது.

ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம். மாதத்தின் கடைசி நாளில் மசகு எண்ணெய் முடிந்த விலையை அதற்கு முந்திய மாதக் கடைசி விலையோடு ஒப்பிட வேண்டும். எத்தனை வீதம் மாறியதோ அத்தனை வீதம் அடுத்த மாதக் கூலியும் மாறும். லொறிக்காரர்கள் இன்னொரு நிபந்தனையும் வைத்தார்கள். கணக்கை அவர்கள் கண்முன்னால்தான் போட வேண்டும். கோயிலில் திருவிழாக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பதில்லையா என்று ஒருவர் கேட்டார். “பள்ளியிலயும் அப்பிடித்தான், ஜும்ஆ முடிஞ்சி வாசிப்பாங்க,” என்றார் நானா. ஆகவே ஒரு வெள்ளைப் பலகை வாங்கிச் சுவரில் மாட்டினோம்.

ஒவ்வொரு மாத முதல் திங்கட்கிழமையும் லொறிக்காரர்கள் கூடுவார்கள். கீழே இரும்புக் கடைக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து பிளேன்டீ வரும். நான் ஆங்கிலப் பத்திரிகையின் நிதிப் பக்கத்தை விரித்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். மசகு எண்ணெய்க்கு ஒரே விலை இல்லை. வடகடல் எண்ணெய்க்கு ஒன்று, அமெரிக்க எண்ணெய்க்கு ஒன்று. வடகடல் என்று முதல் நாளே முடிவு செய்து, பிறகு மாற்றவில்லை. பழைய விலை, புதிய விலை, வித்தியாசம். வித்தியாசத்தைப் பழைய விலையால் வகுத்து நூறால் பெருக்க வரும் வீதம். அவ்வளவுதான். கணக்கு முடிய ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. அதன் பிறகுதான் பேச்சு நீளும்.

ஒரு திங்கட்கிழமை, ஏறும் வீதமும் இறங்கும் வீதமும் ஒன்றல்ல என்று விளங்கப்படுத்த வேண்டி வந்தது. நூறு ரூபா நூற்றைம்பதானால் ஐம்பது வீத ஏற்றம். அதே நூற்றைம்பது நூறுக்குத் திரும்பினால் முப்பத்துமூன்று வீத இறக்கம்.

“அது எப்பிடி தங்கச்சி?” என்றார் நானா. “மேல போன தூரம்தானே கீழ வாறதும்?”

“வகுக்கிற எண் மாறுது நானா. ஏறினா நூறால வகுக்கிறோம். எறங்கினா நூத்தம்பதால வகுக்கிறோம்.”

“அப்ப கடுகண்ணாவை மலைய ஏறிப் போறதும் எறங்கி வாறதும் ஒரே தூரம் இல்லையா?”

“தூரம் ஒண்ணுதான் நானா,” என்றார் கலஹாக்காரர். “டீசல் ஒண்ணா?”

அந்த மாதங்களில் அவர் நிறையச் சிரித்தார். காரணம் இருந்தது. அதுவரை யாரும் கண்டிராத அளவுக்கு மசகு எண்ணெய் விலை ஏறிக்கொண்டிருந்தது. முழுக் கூலியும் அந்த வீதத்தில் ஏறியதால், டீசலுக்குப் போக மிச்சமும் கூடியது. பலகையில் நான் எழுதும் ஒவ்வொரு கூட்டல் குறிக்கும் முதலாளியின் முகத்தில் ஒரு சுருக்கம் விழும்.

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மேசையில் ஒரு வங்கியின் காலாண்டு அறிக்கை இருந்தது. அதில் மூன்று மாதச் சராசரி எண்ணெய் விலை கொடுத்திருந்தார்கள். ஏறும் காலத்தில் சராசரி எப்போதும் பின்தங்கியே நிற்கும். அதை வைத்துக் கணித்தால் ஏற்றம் பாதியாகக் குறையும்.

“மிஸ், இதும் மசகு எண்ணெ வெலதானே. பேங்க் போட்டது. பேப்பர விட இது நம்பிக்கையில்லையா?”

“நம்பிக்கைதான் சேர். ஆனா ஒப்பந்தத்துல மாதக் கடைசி விலை என்றிருக்கு. சராசரி என்று இல்ல.”

“ஒரு வார்த்ததானே.”

“கணக்கே அந்த வார்த்தையிலதான் இருக்கு.”

அவர் வற்புறுத்தவில்லை. அறிக்கையை மடித்து அலுமாரியில் வைத்தார். எப்படியோ செய்தி வெளியே போய், அடுத்த திங்கட்கிழமை நானா எனக்கு ஒரு பொதி கம்பளைத் தொதல் இனிப்பு கொண்டுவந்தார். “தங்கச்சி மொதலாளிக்கே மொதலாளி,” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பத்திரிகையில் ஒருநாளும் காப்பாற்ற முடியாத ஒரு வீதத்தை ஒரு இரும்புக் கடை மாடியில் காப்பாற்றியிருந்தேன்.

அந்தக் காலத்தில்தான் கலஹாக்காரர் பச்சை லொறியைக் கொடுத்து லீசிங்கில் ஒரு பெரிய லொறி எடுத்தார். ஜப்பானில் ஓடிப் பழசானது, இங்கே வந்து புதுசானது. பிணை நின்றது முதலாளி. நெற்றியில் சந்தனமும் முன்கண்ணாடியில் மாலையுமாக லொறியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, எல்லோரையும் கீழே கூப்பிட்டுக் காட்டினார்.

“மாசா மாசம் கட்டணுமே, தாங்குமா?” என்று கேட்டேன்.

“பலகையில நீங்க போடுறதப் பாத்துட்டுத்தானே மிஸ் எடுத்தேன்,” என்றார்.

அதைவிடப் பெரிய ஒன்றையும் செய்திருந்தார். மனைவியின் பெயரைத் தோட்டத்துச் செக்ரோலில் இருந்து எடுத்துவிட்டார். கொழுந்து பறித்தது போதும் என்று. செக்ரோல் என்பது தோட்டத்து வேலைப் பதிவு. அதில் வீட்டில் யாருடைய பெயரும் இல்லாவிட்டால் லயத்து அறையையும் விட்டுவிட வேண்டும். அவர்கள் கலஹா கடைவீதிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். ஆகவே அந்த லொறி வெறும் லொறி இல்லை. அது நின்றால் வீடும் இல்லை, திரும்பிப் போக லயமும் இல்லை. இது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. பிணை நின்ற முதலாளிக்கும் தெரிந்திருந்தது.

பிறகு உலகில் எங்கோ பெரிய வங்கிகள் விழுந்தன. எண்ணெய் விலையும் விழுந்தது. ஏறியதைவிட வேகமாக.

முதல் கழித்தல் குறியை எழுதியபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏறியது இறங்குவதுதானே என்றார்கள். இரண்டாவது மாதம் பிளேன்டீ ஆறிப்போனது. மூன்றாவது மாதம் முதலாளி ஒரு தமிழ்ப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். முதல் பக்கத்தில் ‘மசகு எண்ணெய் விலை நூறு வீதம் வீழ்ச்சி’ என்று போட்டிருந்தார்கள். விலை உச்சத்திலிருந்து பாதியாகக் குறைந்த வித்தியாசத்தை, குறைந்த எண்ணாலேயே வகுத்திருந்தார்கள். என் பழைய மேசையில் இப்போது யாரோ புதியவர்.

நானா பத்திரிகையை வாங்கித் தூரத்தில் பிடித்து வாசித்தார். “நூறு வீதம் எறங்கினா எண்ணெ சும்மா குடுக்கோணுமே. எந்த செட்ல குடுக்கிறாங்க செல்லுங்க மொதலாளி, நான் ஊட்ல உள்ள கொடம் முட்டி எல்லாத்தயும் ஏத்திக்கொண்டு போறன்.”

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியும்தான். பத்திரிகை பிழை, உச்சத்திலிருந்து இறக்கம் ஐம்பது வீதம் என்று நான் சொன்னேன்.

“அம்பதே போதும் மிஸ்,” என்றார் முதலாளி. “நமக்கு எதுக்கு நூறு?”

அந்தச் சிரிப்போடு அறையில் கேலி முடிந்தது. கூலி, ஒப்பந்தம் தொடங்கிய நாளில் இருந்ததைவிடக் கீழே போய்விட்டது. செட்டிலும் டீசல் இறங்கத்தான் செய்தது. தாமதமாக, கொஞ்சமாக, பெரிய அறிவிப்போடு. உலக விலை படிக்கட்டில் உருண்டு விழுந்தது. செட் விலை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி நின்றது. இடையில் இருந்த படிகளுக்கு லொறிக்காரர்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள்.

அந்த மாதம் நான் பலகையில் வீதத்துக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தேன். பேராதனைச் செட்டில் நான் நேரில் போய்ப் பார்த்துவந்த டீசல் விலையும், அது எத்தனை வீதம் இறங்கியது என்பதும். மேலே எண்ணெய் இறங்கிய வீதம், கீழே டீசல் இறங்கிய வீதம். வேறொன்றும் எழுதவில்லை. இரண்டு எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றால் போதும் என்று நினைத்தேன்.

முதலாளி எழுந்து வந்து, தன் கைக்குட்டையால் அந்த ஒரு வரியை மட்டும் துடைத்தார். கோபமில்லாமல், மேசையில் சிந்திய தேநீரைத் துடைப்பதுபோல.

“அது ஒப்பந்தத்துல இல்ல மிஸ்.”

கலஹாக்காரர் எழுந்தார். “மொதலாளி, மாசக் கடைசி வெலைய விட்டுருவோம். பேங்க் ரிப்போட்டுல சராசரி வெல இருக்குதாமே. அத வச்சிக்குவோம். எறங்குறது எறங்கட்டும். கொஞ்சம் மெதுவா எறங்கட்டும்.”

இறங்கும் காலத்தில் சராசரி மேலே நிற்கும். மூன்று மாதம் மூச்சு விடலாம். அவர் கேட்டது அவ்வளவுதான்.

“எனக்கும் அந்த யோசன வந்திச்சுப்பா,” என்றார் முதலாளி. “முந்தி ஒரு நாள் மிஸ்கிட்டயே கேட்டேன். ஒப்பந்தத்துல மாதக் கடைசின்னு இருக்கு, சராசரின்னு இல்லன்னாங்க. கணக்கே அந்த வார்த்தையிலதான் இருக்குன்னாங்க. என்ன மிஸ், நான் பிழையா சொல்றேனா?”

பிழையாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார். ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் இணங்கினால் ஒப்பந்தத்தை மாற்றலாம் என்றேன். “ரெண்டு பேரும் இணங்கினா,” என்று முதலாளி திருப்பிச் சொன்னார். பிறகு தனக்கு இணக்கமில்லை என்றார். “நீங்கதானே யார் கையும் படாத வெல வேணும்னீங்க. நான் கை வைக்கலாமா?”

கலஹாக்காரர் உட்கார்ந்தார். அது அவருடைய வாக்கியம்.

அந்த வாரம் பழைய பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினேன். மசகு எண்ணெயின் வீழ்ச்சி, டீசல் விலையின் நகராமை, இரண்டுக்கும் நடுவில் நசுங்கும் மலையக லொறிக்காரர்கள். வீதங்கள் எல்லாம் வகுத்த எண்ணோடு. பத்து நாளில் வெளிவந்தது, மூன்று பந்திகளாகச் சுருங்கி. தலைப்பு: ‘எண்ணெய் விலை வீழ்ச்சியால் கண்டியில் லொறிக் கூலி குறைந்தது’. வர்த்தகர்கள் மகிழ்ச்சி தெரிவித்துள்ளதாக ஒரு வரியும் சேர்த்திருந்தார்கள். அந்த வரி என்னுடையது இல்லை. வீதங்கள் மட்டும் சரியாக இருந்தன. முதலாளி அதை வெட்டிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

நானா அடுத்த மாதம் வரவில்லை. கம்பளையில் மணல் ஏற்றத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவர் லொறிக்குக் கடன் இல்லை, எங்கேயும் போகலாம். கண்டிக் கடைவீதியில் ஒருமுறை என்னைக் கண்டபோது லொறியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

“தங்கச்சி, மணலுக்கு ஒலகச் சந்தை இல்ல. மகாவலி கங்கை மட்டும்தான். நிம்மதியா ஈக்கன்.”

“கலஹாக்காரருக்கும் ஏதாவது பாருங்களேன் நானா.”

“அவன்ட லொறி அவன்டயா? லீசிங்காரன்டயும் மொதலாளிடயும். பிணை நிண்டவர உட்டுட்டு எப்பிடி வருவான்?” என்றார். பின்னால் ஹோன் அடித்தார்கள், போய்விட்டார்.

கலஹாக்காரர் நாலைந்து மாதம் தாக்குப் பிடித்தார். முதலில் உதவியாளை நிறுத்தினார்; மூட்டையைத் தானே ஏற்றி இறக்கினார். பிறகு டயர் மாற்றாமல் ஓடினார். ஒரு மழைநாளில் கடுகண்ணாவை வளைவில் லொறி வழுக்கி மண்மேட்டில் இடித்து நின்றது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். திங்கட்கிழமைகளில் தவறாமல் வந்தார். கடைசியில் பலகைக்கு முன்னால் அவரும் இன்னும் இரண்டு பேரும் மட்டுமே இருந்தார்கள். நான் எழுதுவதை அவர் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். ஒருமுறைகூட வீதம் பிழை என்று சொல்லவில்லை. பிழை என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

லீசிங் மூன்று தவணை நின்றதும் பிணை நின்றவருக்குக் கடிதம் வந்தது. முதலாளி பாக்கியைக் கட்டினார். லொறியைத் தன் பெயருக்கு மாற்றினார். எல்லாம் முறைப்படி. ஒருவர்மீதும் குரல் உயர்த்தவில்லை. லொறியை வெளியாருக்கு விற்றுவிடலாம், ஆனால் ஒரு குடும்பத்தைத் தெருவில் விட மனசு வரவில்லை என்று என்னிடம் சொன்னார். அதையும் நம்பிச் சொன்னார் என்றே நினைக்கிறேன். அதே லொறிக்கு அதே மனிதரை மாதச் சம்பளத்துக்குச் சாரதியாக எடுத்துக்கொண்டார்.

நியமனத்துக்குக் கையெழுத்து வைக்கக் கலஹாக்காரர் வந்த நாளில் முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். அவரும் நானும் மட்டும் இருந்தோம். மெலிந்திருந்தார். வாடகை வீட்டை விட்டாகிவிட்டது, மனைவியின் அண்ணன் வீட்டு லயத்தில் ஒரு மூலையில் இருக்கிறோம் என்றார். மனைவிக்குச் செக்ரோலில் மறுபடி பெயர் கிடைக்கவில்லை. நாள் கூலிக்குக் கைக்காசு வேலை மட்டும் கொடுக்கிறார்களாம்.

தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“மிஸ், இந்தச் சம்பளம் எந்த வெலையோட ஏறும், எறங்கும்?”

“எதோடயும் இல்ல. அப்படியே இருக்கும்.”

“எண்ணெ எறங்குனா கொறைக்க மாட்டாங்களே?”

“குறைக்க மாட்டாங்க.”

“அப்பாடா,” என்றார். “அது போதும் மிஸ்.” கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டார்.

அந்த நிறுவனத்தில் அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தேன். பலகைக்கு முன்னால் மிஞ்சியிருந்த மற்ற இரண்டு பேரின் லொறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முதலாளியிடமே வந்தன. மசகு எண்ணெய் விலை மறுபடி மெல்ல ஏறத் தொடங்கியது. வீதத்தை நான் தொடர்ந்து கணித்தேன். தேயிலைக் கம்பெனிகளிடம் கேட்கும் கட்டணத்தை அதோடு உயர்த்தும்படி முதலாளி சொன்னார். இந்த முறை இறக்கத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் எழுதவில்லை. சாரதிகளின் சம்பளம் நான் விலகும் நாள்வரை அப்படியே இருந்தது. அரிசி, கோதுமை மா, பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. அவை உலகச் சந்தையைப் பார்த்து ஏறினவோ வேறு எதைப் பார்த்து ஏறினவோ.

ஒருநாள் காலை கீழே தேநீர்க் கடையில் வானொலி டீசல் விலை உயர்வை அறிவித்தது. காரணமாகப் பழைய வாக்கியத்தையே சொன்னது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த வான்காரர்களும் ஓட்டோக்காரர்களும் சத்தம் போட்டார்கள். ஒருவர் கிளாசைத் தட்டென்று வைத்தார். கலஹாக்காரர் வாசலில் நின்றிருந்தார். நான் படியேறப் போவதைக் கண்டு ஒதுங்கி வழி விட்டார். முகத்தில் கவலையின் சாயலே இல்லை.

“கத்துறாங்க பாருங்க மிஸ்,” என்றார், உள்ளே கைகாட்டி. “நமக்கென்னா. அது மொதலாளி பாடு.”